கேள்வி சிவகாசியில், கருவி காரைக்குடியில்

1920-களின் தொடக்கத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் மண்ணிலிருந்து மூன்று இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்கப் போனவர்கள். வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் இயற்பியல் கற்கப் போனவர். முதல் இருவர் ஊர் திரும்பித் தொடங்கிய தொழில் பின்னாளில் பட்டாசாக வளர்ந்தது. மூன்றாமவர் திரும்பவில்லை. சி.வி. ராமனோடு சேர்ந்து 1928-ல் ஒளிச்சிதறல் ஆய்வில் பெயர் பதித்தார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகி, 1947-ல் தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார்.

இன்று அறிவியலில் முனைவர் பட்டம் பெற இந்த மாவட்டத்தை விட்டுப் போக வேண்டியதில்லை. அய்ய நாடாரின் பெயர் தாங்கிய கல்லூரி 1963 முதல் சிவகாசியில் இருக்கிறது. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-ல் தொடங்கியது. பெண்களுக்கு அங்கே வன்னியப்பெருமாள் கல்லூரி. சிவகாசியில் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் கல்லூரி. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம், சிவகாசிக்குப் பக்கத்தில் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி. கலை அறிவியல் கல்லூரிகள் பலவும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை.

எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, "பிஎச்.டி. சேரலாமா?" என்று யோசிக்கும் மாணவருக்கும், வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவருக்கும் எழுதப்பட்ட அத்தியாயம் இது. இந்த வட்டாரத்து ஆய்வாளருக்கு ஒரு தனி நிலைமை உண்டு. நல்ல ஆய்வுக் கேள்விகள் அவர் வீட்டுத் தெருவிலேயே கிடக்கின்றன. அவற்றுக்கு விடை தேடும் நுட்பக் கருவிகளில் பலவும் காரைக்குடியிலோ திருச்சியிலோ சென்னையிலோ இருக்கின்றன. இந்த இரண்டையும் இணைக்கத் தெரிந்துகொள்வதுதான் ஆய்வுக் காலத்தின் பாதி வேலை.

கேள்வியை எங்கே தேடுவது

புதிதாகச் சேரும் மாணவர்கள் பலர், வழிகாட்டி ஏற்கெனவே செய்துவரும் வேலையின் அடுத்த துண்டை வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு உலோக ஆக்சைடு, அதில் ஒரு கலப்பு, எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவு, மின்னணு நுண்ணோக்கிப் படம், ஒரு கட்டுரை. அடுத்த மாணவருக்கு வேறொரு கலப்பு. பட்டம் கிடைத்துவிடும். ஆனால், 'இதை ஏன் செய்தீர்கள்?' என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் சொல்லத் திணற வேண்டிவரும்.

சிவகாசியில் பிறந்தவருக்கு அந்தத் திணறல் தேவையில்லை. மழை பெய்த மறுநாள் வெடிமருந்து அறையில் ஏன் கூடுதல் கவனம் என்பதை ஆலைக்குப் போய்வரும் எந்த அண்ணாச்சியைக் கேட்டாலும் சொல்வார். அலுமினியத் தூள் ஈரத்தோடு வினைபுரிந்தால் வெப்பமும் ஹைட்ரஜனும் வெளிப்படும். கலவையில் வெடியுப்பும் இருந்தால் அம்மோனியா உண்டாகிக் காரத்தன்மை ஏறி, அந்த வினை இன்னும் முடுக்கம் பெறும். அதைத் தணிக்கத்தான் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். எவ்வளவு ஈரப்பதத்தில், எந்தத் துகள் அளவில், எந்த வெப்பநிலையில் வினை கட்டுமீறத் தொடங்குகிறது? தீபாவளிக்கு முந்தைய உற்பத்தியும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே மாதங்களில் வந்து நிற்கும் ஊரில் இது வெறும் பாடநூல் கேள்வி அல்ல.

இந்தத் திசையில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். எஸ்.பி. சிவப்பிரகாசம், சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் எம். சூரியநாராயணன் உள்ளிட்ட குழுவினர் பட்டாசுக் கலவையின் வெப்ப அபாயத்தை வேறுபாட்டு வெப்ப அளவி கொண்டு ஆராய்ந்து, 2004-ல் வெப்பப் பகுப்பாய்வுக்கான சர்வதேச இதழில் வெளியிட்டார்கள். தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் வெடிக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். தொழிற்சாலை வேதிவினைகளின் அபாயத்தை மதிப்பிட அங்கே ஒரு தனிப் பிரிவே இருந்தது. கேள்விக்கு ஏற்ற கருவி, எதிர்பாராத பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மெப்கோ கல்லூரியில் ஏ. அழகுராஜனும் என். செல்வகுமாரும், அலுமினியத் தூளை நானோ அளவுக்குக் குறைத்தால் கலவை பற்றிக்கொள்ளத் தேவையான ஆற்றல் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார்கள். துகள் சிறுத்தால் சத்தத்துக்கு மருந்து குறைவாகப் போதும். அதே வேகத்தில் ஆபத்தும் கூடுகிறது.

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று வழங்கிய தீர்ப்பு இன்னொரு கேள்விக் களத்தைத் திறந்துவிட்டது. பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை, சரவெடிக்குத் தடை, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி. மத்தாப்பிலும் வாணவெடியிலும் பச்சை நிறம் தருவது பேரியம்தான். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குத் தாமிரம், மஞ்சளுக்குச் சோடியம். பேரியம் இல்லாத பச்சை எப்படி? அமெரிக்க ராணுவ ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெசி சபாட்டினி குழு 2011-ல் போரான் கார்பைடு கொண்டு அதைக் காட்டியது. மியூனிக்கில் தாமஸ் கிளாபோட்கே போன்றவர்கள் மாசு குறைந்த வாணவேடிக்கையை வேதியியலின் தனித் துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். நாக்பூரின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் (நீரி) தலைமையில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து உழைக்க, ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்ற மூன்று வாய்பாடுகள் வந்தன. துகள் மாசு குறைந்தது 30 சதவீதம் குறையும் என்பது அவற்றுக்குச் சொல்லப்பட்ட இலக்கு. ஆனால் ராணுவச் சமிக்ஞைக்கு வேலை செய்யும் விலை உயர்ந்த வேதிப்பொருள், சின்னக் கடையில் விற்கும் பென்சில் மத்தாப்புக்குக் கட்டுப்படியாகுமா? அந்த இடைவெளியில் இன்னும் பல ஆய்வேடுகளுக்கு இடமிருக்கிறது.

வேதியியல் மட்டும்தான் என்றில்லை. மண்ணிலும் கிணற்று நீரிலும் உலோக அயனிகள் எவ்வளவு என்று பார்ப்பது சூழலியல் மாணவருக்கு. அச்சக மையின் கரைப்பான்கள் பாலிமர் படித்தவருக்கு. உயிரியலாருக்கு, 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகத் தொடங்கி, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமான காடே மாவட்டத்தின் மேற்கு எல்லையில் நிற்கிறது. காட்டுக்குள் ஆய்வு செய்ய வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அது கைக்கு வர மாதங்கள் ஆகலாம் என்பதால், பதிவு செய்த உடனேயே விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி முடிவாவதற்கு முன் ஒரு சோதனை: சோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் இன்ஃப்ளிப்நெட் களஞ்சியம் இது. காசு கட்ட வேண்டாம்; யாரும் படிக்கலாம். தன் தலைப்பை ஒட்டிய பத்து ஆய்வேடுகளின் கடைசி அத்தியாயங்களை முதலில் படித்துவிட வேண்டும். 'இனிச் செய்ய வேண்டியவை' என்று அங்கே எழுதியிருப்பதில்தான் பல நல்ல தலைப்புகள் ஒளிந்திருக்கின்றன.

வழிகாட்டியைத் தேர்வது

2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி, ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் வழிகாட்டலாம். அதனால் முதல் கேள்வி, 'சார், இடம் இருக்கிறதா?' என்பதுதான்.

அடுத்த கேள்விகளை அவரிடம் கேட்க வேண்டாம். அவருடைய மாணவர்களிடம் கேட்கலாம். கடைசியாக முடித்தவருக்கு எத்தனை ஆண்டு ஆனது? எழுதிக் கொடுத்த அத்தியாயம் திரும்பி வர எத்தனை வாரம்? கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? மாதிரிகளைச் சோதிக்கும் கட்டணம் யார் கையிலிருந்து? கல்லூரி தேநீர்க் கடையில் அரைமணி நேரம் பேசினால் தெரிந்துவிடும். பாதியில் விட்டுப் போனவர் யாராவது இருந்தால் அவரையும் தேடிப் பேசுவது நல்லது. முடித்தவர் சொல்லாததை அவர் சொல்வார்.

உள்ளூர்க் கல்லூரியா, தேசிய ஆய்வகமா என்ற தயக்கம் பலருக்கும் வரும். காரைக்குடி நிறுவனம் போன்ற சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் சேர்பவர்களுக்குப் பட்டம் தருவது ஏசிஎஸ்ஐஆர் என்ற கழகம். கருவி, நூலகம், உதவித்தொகை எல்லாம் அங்கே வலுவாக இருக்கும். நுழைவும் அதற்கேற்பக் கடினம். உள்ளூர்க் கல்லூரியில் வீட்டிலிருந்து போய்வரலாம், ஆலைகளோடு நேரடித் தொடர்பு கிடைக்கும். ஆனால் கருவிக்காக அலைய வேண்டிவரும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: வழிகாட்டி உள்ளூரில், இணை வழிகாட்டி ஆய்வகத்தில். விதிகள் இதை அனுமதிக்கின்றன. பதிவுப் படிவத்திலேயே இணை வழிகாட்டியின் பெயரைச் சேர்த்துவிடுவது நல்லது. இரண்டு ஆண்டு கழித்துச் சேர்ப்பதென்றால் கோப்பு மேசை மேசையாக நகர வேண்டும்.

நுழைவும் பணமும்

முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் அடிப்படைத் தகுதி. பட்டியலினத்தவர், பழங்குடியினர், வசதிப் பிரிவில் வராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம்.

2024 முதல், தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் மதிப்பெண்ணே பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுகிறது. தேர்ச்சி மூன்று வகை. உதவித்தொகையோடு கூடிய ஜே.ஆர்.எஃப்.; அது இல்லாமல் உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும்; பிஎச்.டி. சேர்க்கை மட்டும். பின்னிரண்டு வகையினருக்குத் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் எடை. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். அறிவியல் மாணவர்கள் எழுத வேண்டியது சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட். வேதியியல், இயற்பியல், உயிரியல், கணிதம், புவி அறிவியல் ஆகிய பிரிவுகளில் அது நடக்கிறது.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தவருக்கு 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து மதிப்பீட்டில் தேறினால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றவருக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு வாய்ப்புண்டு. தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையும், ஆதிதிராவிடர், பழங்குடி ஆய்வாளர்களுக்கான ஊக்கத்தொகையும் இருக்கின்றன. இவற்றின் அறிவிப்புகள் எப்போது வேண்டுமானாலும் வரும். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு மூன்றையும் கையில் தயாராக வைத்திராதவர் கடைசி நாளில் தாலுகா அலுவலக வரிசையில் நிற்பார்.

எந்த உதவித்தொகையும் இல்லாமல் சேர்கிறவரே இந்தப் பகுதியில் அதிகம். அவருக்குப் பகுதிநேரப் பதிவு ஒரு வழி. வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஆட்சேபமின்மைச் சான்று வேண்டும்; சேர்க்கைத் தகுதியும் மதிப்பீடும் முழுநேரத்தவருக்கு உள்ளவையேதான். தனியார் கல்லூரியில் வாரம் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு ஞாயிறன்று சோதனை செய்பவரின் வேகம் குறையும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும். தொலைதூரக் கல்வியிலோ இணையவழியிலோ பிஎச்.டி. வாங்க விதிகளில் இடமே இல்லை. 'ஆறு மாதத்தில் பட்டம்' என்று கைபேசியில் வரும் விளம்பரத்தை அங்கேயே அழித்துவிடலாம்.

மாதிரியைப் பேருந்தில் கொண்டுபோக முடியாது

சிவகாசியிலிருந்து காரைக்குடிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் பேருந்து மாறிப் போகலாம். செங்கோட்டை–சென்னை சிலம்பு எக்ஸ்பிரஸ் ஓடும் நாளில், சிவகாசியில் ஏறிக் காரைக்குடியில் இறங்கலாம். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. அங்கே தோல் ஆராய்ச்சி நிறுவனமும், நுட்பக் கருவிகளை வெளி ஆய்வாளர்களுக்குக் கட்டணத்துக்குத் திறந்துவிடும் ஐ.ஐ.டி. மையமும் அருகருகே இருக்கின்றன.

ஆய்வாளர் ஏறலாம், கலவை ஏற முடியாது. வெடிபொருளை ரயிலிலோ பேருந்திலோ அஞ்சலிலோ கொண்டுபோவது குற்றம். ஒரு சிட்டிகைதானே என்ற சமாதானம் சட்டத்திலும் செல்லாது, வேதியியலிலும் செல்லாது. வெடிபொருள் விதிகள் 2008-இன்படி, கலவை தயாரிப்பது உரிமம் பெற்ற இடத்தில் மட்டுமே. வீட்டுக் கொல்லையில், விடுதி அறையில், துறையின் வழக்கமான ஆய்வகத்தில் 'சும்மா கொஞ்சம்' கலந்து பார்ப்பதற்கு இடமில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். இந்தத் தொழிலில் பழகிய கைகள் நிறைந்த ஊரிலேயே அப்படி நடக்கும்போது, புத்தகம் மட்டும் படித்தவர் துணிச்சல் காட்டுவது எந்த வகையிலும் தகாது.

இதற்கு நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, சோதனையையே சிறிதாக்குவது. வேறுபாட்டு வெப்ப அளவிக்குச் சில மில்லிகிராம் போதும். கருவியும் கலவைக்கான உரிமமும் உள்ள ஆய்வகத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, அங்கேயே அவர்கள் மேற்பார்வையில் கலக்கலாம். இரண்டாவது, கலவையைத் தொடாமலே விடை தேடுவது. மூலப்பொருளின் துகள் அளவு, ஈரம் உறிஞ்சும் தன்மை, எரிந்தபின் எஞ்சும் சாம்பல், காற்றில் மிதக்கும் துகள் ஆகிய ஒவ்வொன்றுமே தனித் தலைப்பு. மூன்றாவது, உரிமம் உள்ளவர்களோடு சேர்வது. பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் கீழ் சிவகாசியில் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் இருக்கிறது. மூலப்பொருள்களைச் சோதிக்க நீரியும் சிவகாசியில் ஒரு கூடம் அமைத்தது. ஆலை ஒன்றோடு சேர்ந்து வேலை செய்வதானால் கல்லூரிக்கும் ஆலைக்கும் இடையே ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த முடிவை வெளியிடலாம், எது தொழில் ரகசியம் என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ளாததால் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமே முடங்கிப்போவது உண்டு.

கருவிக்காக வெளியூர் போகும்போது ஒரே பயணத்தில் மூன்று வேலை முடிக்கத் திட்டமிடுவது நல்லது. வெடிக்கலவை அல்லாத மாதிரிகளுக்கு எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கருவியில் என்ன வெப்பநிலை வரம்பு என்று ஒரு பட்டியல் தயாரித்து, கருவியை இயக்குபவருக்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அவர் பெயரை ஆய்வேட்டின் நன்றியுரையில் எழுதுவதும் மரபு.

குறிப்பேடு

கே.எஸ். கிருஷ்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர் உயர்நிலைப் பள்ளியிலும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். வகுப்பில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை வைத்துச் சொந்தமாகச் சோதனை செய்து பார்த்ததைப் பின்னாளில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தவர். 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் நாள்தோறும் அவர் எழுதிய குறிப்புகள்தான், ராமன் விளைவு எந்த நாளில் எந்தத் திரவத்தில் எப்படித் தென்பட்டது என்பதற்கு இன்றும் வரலாற்றாசிரியர்கள் நாடும் முதன்மைச் சான்று. அறிவியல் படித்தவன் சோதனையை விட்டு நெடுநாள் விலகியிருப்பது நல்லதல்ல என்று ராமன் கருதியதைக்கூட அவர் அதில் பதிந்திருக்கிறார். இருவர் பெயரிலும் பிப்ரவரி 16 தேதியிட்டு அனுப்பிய சிறு கட்டுரையை மார்ச் 31 அன்று 'நேச்சர்' வெளியிட்டது.

இன்றைய ஆய்வாளருக்கும் இதே பழக்கம் வேண்டும். பக்கங்களுக்கு எண் அச்சிட்ட கெட்டி அட்டை நோட்டு, பேனா எழுத்து, தேதி. தோற்ற சோதனையும் அதில் ஏற வேண்டும். சிவகாசியில் ஒரு வரி கூடுதல்: அன்றைய வெப்பநிலையும் ஈரப்பதமும். மே மாதத்தில் எடுத்த அளவும் நவம்பரில் எடுத்த அளவும் ஒத்துவராமல் போனால், காரணத்தை அந்த வரிதான் காட்டும். நோட்டின் பக்கங்களை வாரம் ஒருமுறை கைபேசியில் படமெடுத்து வேறோர் இடத்தில் சேமிப்பது மழைக்கும் கரையானுக்கும் பாதுகாப்பு.

ஆண்டுகள் எப்படிப் போகும்

முதல் ஆண்டு வகுப்புகளில் போகும். குறைந்தது 12 கிரெடிட் பாடங்கள். ஆய்வு நெறிமுறை, வெளியீட்டு அறம் அதில் கட்டாயம். குறைந்தது 55 சதவீதம் எடுக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். பலரும் பயப்படும் கூட்டம் இது. உண்மையில் மாணவருக்கான காப்பு இதுதான். குழு ஏற்றுக் கையொப்பமிட்ட தாள், வழிகாட்டி மாறினாலும் ஓய்வு பெற்றாலும் மாணவர் செய்த வேலைக்குச் சாட்சியாக நிற்கும்.

குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவில் இன்னும் 2 ஆண்டு கிடைக்கலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளோருக்கும் மேலும் 2 ஆண்டு. பெண் ஆய்வாளர்கள் மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை எடுக்கலாம். இது உரிமை. எழுத்தில் விண்ணப்பித்து, அனுமதிக் கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் ஆண்டின் நடுவில் எல்லாமே நின்றுபோனது போல ஒரு காலம் வரும். கருவி பழுது, மாதிரி கெட்டுப்போனது, வழிகாட்டிக்குத் தேர்வுப் பணி. வீட்டில் அந்த நேரத்தில்தான் கேள்விகள் கூடும். "ஏப்பா, எம்.எஸ்ஸி. முடிச்சு ரெண்டு வருஷமாச்சு. இன்னும் என்னதான் படிக்கிற?" என்று அப்பா கேட்பார். "கூடப் படிச்ச பிள்ள ரெண்டாவது குழந்தையே பெத்துட்டா. ஒனக்கு எப்பம்மா முடியும்?" என்று பெரியம்மா கல்யாண வீட்டில் வைத்துக் கேட்பார். பத்தாவதோடு நின்று அச்சகத்துக்கோ ஆலைக்கோ போன பையன் மாதச் சம்பளம் கொண்டுவரும் தெருவில் இந்தக் கேள்விகள் நியாயமானவை.

கோபப்பட்டுப் பயனில்லை. 'ஆராய்ச்சி பண்றேன்' என்பது பதிலே ஆகாது. "மழைக் காலத்துல மருந்து ஏன் தானா சூடாகுதுன்னு கண்டுபிடிக்கிறேன்பா. இந்த டிசம்பர்ல சோதனையெல்லாம் முடியும், அடுத்த வருஷம் ஒரு கட்டுரை, அதுக்கடுத்த வருஷம் எழுதிக் குடுத்துருவேன்" என்று கால அட்டவணையோடு சொன்னால் ஆலையில் வேலை பார்த்த அப்பாவுக்குப் புரியும். அவரே இரண்டு தகவல் சொல்லவும் கூடும். வருடத்தில் ஒருநாள் அவரைத் துறைக்கு அழைத்துப்போய் ஆய்வகத்தைக் காட்டுவது இன்னும் நல்லது.

எழுதுவதும் வெளியிடுவதும்

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் இதழில் கட்டுரை வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகள் நீக்கிவிட்டன. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் நிபந்தனை வைத்திருக்கலாம்; பதிவு ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்ப்பது அவசியம். விதி கேட்காவிட்டாலும், வேலைக்கான நேர்காணல் கேட்கும். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடும் இதழ்கள் மின்னஞ்சலில் தினமும் அழைக்கும். தன் துறையில் தான் படித்து மதிக்கும் கட்டுரைகள் வெளியாகும் இதழ்களுக்கே அனுப்ப வேண்டும் என்ற எளிய விதி போதும். இதழ்களைப் படிக்கப் பணம் இல்லையென்றால், 2025-ல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான இதழ்கள் திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரி ஆய்வாளர் அரசுப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒருநாள் போனால், ஒரு மாதத்துக்கான கட்டுரைகளைத் தரவிறக்கிக்கொண்டு வரலாம்.

நகல் சோதனையில் 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இது 2018 விதி. ஆங்கிலம் பிறகு மெருகேறட்டும். முதல் வரைவைத் தமிழில் நினைத்து, தமிழில் வழிகாட்டியோடு விவாதித்து, பிறகு எழுதுபவர்களுக்கு நகல் எடுக்கும் தேவையே வருவதில்லை.

சமர்ப்பித்தபின் வழிகாட்டியோடு, வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படிப்பார்கள். அவர்கள் ஏற்றால் பொது வாய்மொழித் தேர்வு. முழு நடைமுறையும் 6 மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. அறையில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். பட்டாசு தொடர்பான தலைப்பு என்றால் ஆலைப் போர்மேன் ஒருவரை அழைப்பது நல்ல பழக்கம். தேர்வாளர் கேட்காத கேள்வி அவரிடமிருந்து வரும்: "இத கிலோவுக்கு எவ்வளவு விலைக்குச் செய்யலாம்?"

கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு 2023 ஜூலை 1 முதல் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் குறைந்தபட்சத் தகுதி என்பதால், பிஎச்.டி. நடக்கும்போதே அதையும் எழுதி முடித்துவிடுவது நல்லது. வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலர்களை மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது. வேதியியல் படித்தவர்கள் அந்த அறிவிப்புகளைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு முதுமுனைவர் ஆய்வுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர், வாய்மொழித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே கடிதங்கள் அனுப்பத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் முதல் பத்தியில் எழுத வேண்டியது, தான் எந்தக் கேள்விக்கு விடை தேடினார் என்பதும் அது ஏன் சிவகாசியில் எழுந்தது என்பதும்தான்.